விற்பனைக் கணக்கு தேவைக் கணக்கு ஆகாது: சப்ளை செயின் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபரேஷன்ஸ், சப்ளை செயின் துறையில் ஆய்வுக்குச் சேருகிற மாணவர்களின் வரைவுகளைப் படிப்பது என் வேலையில் பெரும் பங்கு. ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் மாறுகிறார்கள், தடுக்கி விழும் இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த இடங்கள்தான் அவை.

எழுத்துப்பிழை, மேற்கோள் முறை, அச்சில் தெரியாத வரைபடம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள். கணித மாதிரி (மாடல்) ஒழுங்காக ஓடும், விடை வரும், வரைபடமும் அழகாக இருக்கும், ஆனால் விடை தப்பாக இருக்கும். அப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முறையை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு பிரச்சினையைத் தேடுவது

"ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் பயன்படுத்தி ஏதாவது செய்ய வேண்டும் சார்" என்றுதான் பாதிப் பேர் பேச்சைத் தொடங்குகிறார்கள். கணினி தானே முயன்று தவறிக் கற்றுக்கொள்ளும் முறை அது. ஃபோர்ட் ஹாரிஸ் 1913இல் எழுதிய ஆர்டர் அளவுச் சூத்திரம் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்றால், ஒரு தடவைக்கு எத்தனை பாகங்கள் செய்வது என்று தொழிற்சாலைக்காரர்கள் தினமும் திணறிய கேள்வியிலிருந்து அது பிறந்தது என்பதுதான் காரணம். யார், எந்த முடிவை, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார், தப்பினால் என்ன நஷ்டம் என்று நாலு வரி எழுத முடியாவிட்டால் முறையைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை.

விற்பனையைத் தேவை என்று எடுத்துக்கொள்வது

இதை எத்தனை வரைவில் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் குறைவதில்லை. இதன் விலை அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கடைத்தொடர் தன் விற்பனை டேட்டாவை ஒரு மாணவிக்குக் கொடுத்திருந்தது. எக்ஸெல் கோப்பில் ஒரு பொருளின் தினசரி விற்பனை 24, 24, 19, 24, 24, 21, 24 என்று போனது. அவர் அதற்குத் தேவை என்று பெயர் கொடுத்து, சராசரி எடுத்து, ஒரு முன்கணிப்பு மாதிரியைப் பொருத்தினார். பிழை மிகக் குறைவாக வந்தது. தினமும் 23 வைத்தால் போதும் என்பது பரிந்துரை. அந்தத் தாளைப் பார்த்ததும் கடை மேலாளர் சொன்னது இதுதான்: "ஒரு பெட்டிக்கு 24. தினமும் ஒரு பெட்டிதான் வரும். பதினோரு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறதே, இதில் ஒன்றைக் குறைக்கச் சொல்கிறீர்களா?"

கடையில் 24 இருந்தால் 24க்கு மேல் விற்காது. வந்தவர் 40 பேராக இருந்தாலும் கோப்பு 24 என்றுதான் சொல்லும். விற்பனை என்பது தேவை, கையிருப்பு இரண்டில் எது சிறியதோ அது. வெறுங்கையோடு திரும்பிப் போனவரைப் பற்றி எந்த பில்லிலும் பதிவு இருக்காது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஆறு நாள் உண்மையான தேவை 8, 12, 10, 15, 7, 14. சராசரி 11. தினமும் 10 வைத்தால் விற்பனை 8, 10, 10, 10, 7, 10. சராசரி 9 சொச்சம். சரி என்று அடுத்த சுற்றில் 9 வைத்தால், அதே தேவைக்கு விற்பனை 8, 9, 9, 9, 7, 9 என்று ஆகி, சராசரி 8.5க்கு இறங்கும். 8 வைத்தால் 8க்கும் கீழே போகும். ஒவ்வொரு சுற்றிலும் கணக்கு சரியாகவே போடப்படுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் கடை இன்னும் கொஞ்சம் காலியாகிறது.

சராசரி மட்டும் கெட்டால் பரவாயில்லை, பரவலும் சேர்ந்து கெடுகிறது. மேலே சொன்ன தேவையின் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, சுமார் 3.2. விற்பனையின் திட்ட விலக்கம் சுமார் 1.3. உச்சம் எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டுவிட்டதால் ஏற்ற இறக்கமே இல்லாத பொருள் போலத் தெரிகிறது. தேவை திடீரென்று கூடினால் சமாளிக்க உபரியாக வைக்கும் பாதுகாப்புக் கையிருப்பை இந்தத் திட்ட விலக்கத்தை வைத்துத்தான் கணக்கிடுவோம். ஆக, தேவையையும் குறைத்து, பாதுகாப்பையும் பாதிக்குமேல் குறைத்துவிடுகிறோம்.

முன்கணிப்புப் பிழை குறைவாக வந்ததற்கும் இதுவே காரணம். தினமும் தீர்ந்துபோகிற பொருளின் விற்பனையைக் கணிப்பது சுலபம், கையிருப்பு எவ்வளவோ அதுதான் விற்பனை. பற்றாக்குறை கூடக் கூட மாதிரி "துல்லியமாகிக்கொண்டே" போகும். பிழை அளவை மட்டும் பார்த்து மாதிரியைத் தேர்ந்தெடுப்பவருக்கு இது கடைசிவரை தெரியவே தெரியாது.

இதற்கு மேலும் ஒரு படி போகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. விஷயத்தைப் புரிந்துகொண்ட மாணவர், "ஸ்டாக் தீர்ந்த நாட்களை நீக்கிவிட்டேன், டேட்டா சுத்தமாகிவிட்டது" என்று வந்து நிற்பார். மேலே உள்ள கணக்கில் விற்பனை 10 ஆன நாட்களை நீக்கிப் பாருங்கள். மிஞ்சுவது 8ம் 7ம்தான். சராசரி 7.5! நீக்காமல் இருந்தபோது 9 சொச்சமாவது இருந்தது. கூட்டம் குவிந்த நாட்களில்தான் பொருள் தீரும். அந்த நாட்களைத் தூக்கி எறிந்தால் ஈயாடிய நாட்கள் மட்டும் கையில் நிற்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் டேட்டா கேட்கும்போதே விற்பனையோடு தொடக்கக் கையிருப்பு, சரக்கு வந்த நேரம், ஒவ்வொரு பில்லின் நேரம் மூன்றையும் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அப்புறம் விற்பனையின் பரவலை வரைந்து பாருங்கள். வலது பக்கம் சரிவாக இறங்காமல் ஒரே எண்ணில் சுவர் போல் நின்றால் அங்கே கையிருப்பு முட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

தீர்ந்துபோன நாளை நீக்காமல், "தேவை குறைந்தது இவ்வளவு" என்று குறித்து வையுங்கள். இப்படிப்பட்ட அரைகுறைத் தகவலைக் கையாளப் புள்ளியியலில் நல்ல வழிகள் உண்டு. கப்லான், மேயர் இருவரும் 1958இல் தந்த முறை, ஆய்வின் நடுவில் விலகிப்போன நோயாளிகள் "குறைந்தது இத்தனை நாள் வாழ்ந்தார்கள்" என்ற அளவுக்குத் தெரிந்ததை வீணாக்காமல் பயன்படுத்துகிறது. டோபின் அதே ஆண்டு பொருளியலில் கொண்டுவந்த மாதிரியும் ஒரு எல்லையில் முட்டி நிற்கும் அளவுகளுக்கானதுதான். நம் துறையில் கான்ராட் 1976இலும் நாமியாஸ் 1994இலும் விற்பனையிலிருந்து தேவையை எப்படி மதிப்பிடுவது என்றே எழுதியிருக்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பில் நேரம் இருந்தால் எளிய வழியும் உண்டு. பொருள் தீராத நாட்களில் பதினோரு மணிக்குள் அன்றைய விற்பனையில் 60 சதவீதம் முடிந்துவிடுகிறது என்று வையுங்கள். பதினோரு மணிக்கே 24ம் தீர்ந்த நாளின் தேவை சுமார் 40 என்று மதிப்பிடலாம். தோராயம்தான், ஆனாலும் 24 என்று எழுதுவதைவிட உண்மைக்கு எவ்வளவோ பக்கம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஒரு பொருள் தீர்ந்தால் சிலர் பக்கத்துப் பொருளை எடுத்துப் போவார்கள். அப்போது பக்கத்துப் பொருளின் விற்பனை அதன் சொந்தத் தேவையைவிடக் கூடுதலாகத் தெரியும். இன்னொன்று, கையிருப்புப் பதிவேட்டையும் முழுசாக நம்பக் கூடாது. டெஹோராட்டியஸ், ராமன் இருவரும் 37 கடைகளில் கிட்டத்தட்ட 3,70,000 பதிவுகளைப் பரிசோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் 65 சதவீதப் பதிவுகள் உண்மையான இருப்போடு பொருந்தவில்லை. கணினியில் 6 என்று இருக்கும், அலமாரி காலியாகக் கிடக்கும். கணினி மறு ஆர்டர் போடாது, விற்பனை பூஜ்யமாகவே ஓடும். நன்றாக விற்கும் பொருள் திடீரென்று பல நாள் பூஜ்யம் காட்டினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பொதுவெளியில் கிடைக்கும் டேட்டாவுக்கும் இதே கவனம் வேண்டும். 2020இல் நடந்த எம்5 முன்கணிப்புப் போட்டிக்காக வால்மார்ட்டின் 10 கடைகளில் 3,049 பொருட்களின் தினசரி விற்பனை வெளியிடப்பட்டது. அருமையான தொகுப்பு, ஆனால் அதில் கையிருப்பு விவரம் கிடையாது. அங்கே வரும் பூஜ்யம், கேட்க ஆளில்லாத பூஜ்யமா, கொடுக்கப் பொருளில்லாத பூஜ்யமா என்று டேட்டாவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதை வைத்து ஆர்டர் முடிவுகளைப் பரிந்துரைக்கும் ஆய்வு இந்தக் குறையை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

ஆர்டரைத் தேவை என்று எடுத்துக்கொள்வது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஆர்டர் கணக்கை எடுத்துக்கொள்கிறேன்" என்று கிளம்ப வேண்டாம். சரக்குக்குத் தட்டுப்பாடு வரும்போது, கேட்டதில் பாதிதான் வரும் என்று தெரிந்த வியாபாரி இரண்டு மடங்கு கேட்பார். ஆர்டர் ஏற்ற இறக்கம் கடையிலிருந்து உற்பத்தியாளரை நோக்கி மேலே போகப் போகப் பெருகுவதற்கு லீ, பத்மநாபன், வாங் மூவரும் 1997இல் சொன்ன நான்கு காரணங்களில் இதுவும் ஒன்று. விற்பனை தேவையைக் குறைத்துக் காட்டும், ஆர்டர் ஊதிக் காட்டும்.

லீட் டைமை ஒரே எண்ணாக வைப்பது

தினசரித் தேவை சராசரி 100, திட்ட விலக்கம் 20, ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வர 9 நாள் (இதுதான் லீட் டைம்). லீட் டைம் மாறாது என்று வைத்தால் அந்த 9 நாள் தேவையின் திட்ட விலக்கம் 60. லீட் டைமுக்கே 2 நாள் திட்ட விலக்கம் உண்டு என்று சேர்த்தால் அது சுமார் 209. பாதுகாப்புக் கையிருப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு வேண்டும். தேவைக்கு நுணுக்கமான மாதிரி கட்டிவிட்டு, சரக்கு வரும் நாளை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதிலிருந்து அப்படியே எடுத்துப்போடும் வரைவுகளை நிறையப் பார்க்கிறேன். சரக்கு உள்ளே வந்த உண்மையான தேதிகளைக் கிடங்கில் கேட்டு வாங்குங்கள்.

எந்திரத்தை 100 சதவீதம் ஓட்டப் பரிந்துரைப்பது

கிங்மன் 1961இல் தந்த தோராயச் சூத்திரத்தில் காத்திருப்பு நேரத்தைப் பெருக்கும் ஒரு காரணி உண்டு. எந்திரத்தின் பயன்பாடு 80 சதவீதத்தில் அது 4, 90இல் 9, 95இல் 19. ஏற்ற இறக்கம் இருக்கும் இடத்தில் 100க்குக் கணக்கே கிடையாது.

பூஜ்யம் நிறைந்த தொடருக்கு சதவீதப் பிழை

சதவீதப் பிழைக்குப் பிழையை உண்மையான விற்பனையால் வகுக்க வேண்டும், பூஜ்யத்தால் வகுக்க முடியாது. உதிரிபாகம் போல எப்போதாவது விற்கும் பொருளுக்கு கிராஸ்டன் 1972இல் தனி முறை தந்தார், பிறகு சிண்டெட்டோஸும் பாய்லனும் அதிலிருந்த சாய்வை, அதாவது ஒரே பக்கமாக விலகும் பிழையை, திருத்தினார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஓட்டத்துக்கு ஓட்டம் விடை மாறும் சிமுலேஷனை ஒரே தடவை ஓட்டி எண்ணை எழுதுவது

கூடாது.

ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஆளிடம் கேள்வித்தாள்

சப்ளையர் உறவு எப்படி என்றும், லாபம் எப்படி என்றும் ஒரே மேலாளரிடம், ஒரே தாளில், ஒரே நாளில் கேட்டால் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத்தான் வரும். லாபத்தைக் கணக்குப் பதிவிலிருந்து எடுங்கள். முடியாவிட்டால் வேறொருவரைக் கேளுங்கள்.

டேட்டா தந்தவரைப் பார்க்காமலே முடிப்பது

கோப்பு மின்னஞ்சலில் வந்தாலும் அதைப் பதிவு செய்தவரை ஒருமுறையாவது சந்தியுங்கள். விலை எப்போது மாறியது, சப்ளையர் எப்போது மாறினார், கணக்கு மென்பொருள் எப்போது மாறியது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மென்பொருள் மாறிய மாதத்தில் பொருட்களின் குறியீட்டு எண்களும் மாறியிருக்கலாம். அப்போது ஒரே பொருள் கோப்பில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று விற்பனை நின்றுபோன பழைய சரக்காகவும் மற்றொன்று திடீரென்று சூடுபிடித்த புதுச் சரக்காகவும் தெரியும். பழைய எண்ணுக்கு எது புதிய எண் என்ற பட்டியல் பெரும்பாலும் கிடங்குப் பொறுப்பாளரிடம் இருக்கும். மாதிரி கட்டத் தொடங்கும் முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.