வெளிநாட்டில் விமானியாகப் பயிற்சியும் வேலையும்: எதை முதலில் முடிவு செய்வது?

பலரும் பயிற்சிப் பள்ளியைத் தேடுவதில் தொடங்குகிறார்கள். ஆனால் எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறோம் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். விமானி உரிமம் அதை வழங்கிய நாட்டில் பதிவான விமானங்களுக்கே நேரடியாகச் செல்லுபடியாகும் என்பதால், வேறு நாட்டு விமானத்தை ஓட்ட அந்நாட்டின் அங்கீகாரமோ உரிம மாற்றமோ தேவைப்படும்.

முதற்படி, மருத்துவச் சான்று. வேலை பார்க்க விரும்பும் நாட்டின் விதிப்படி முதல் வகுப்புச் சான்றைப் பெற்ற பிறகே பள்ளிக்குப் பணம் கட்டுங்கள். கண்பார்வையிலோ இதயத்திலோ உள்ள சிறு குறை பாதி வழியில் தெரியவந்தால் கட்டிய பணம் திரும்பாது.

இரண்டாவது, ஆங்கிலம். சர்வதேசப் பயணங்களுக்கு ஐகாவோ எனும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் மொழித்திறன் அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும்.

மூன்றாவது படியான விசாவில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பள்ளிகளில் பல எம்-1 (தொழிற்பயிற்சி மாணவர்) விசாவுக்கும், சில எஃப்-1 (கல்வி மாணவர்) விசாவுக்கும் ஐ-20 எனும் சேர்க்கைச் சான்றுப் படிவம் தருகின்றன. எம்-1 விசாவில் படிக்கும் காலத்தில் வேலை செய்ய முடியாது. படிப்பு முடிந்தபின் வேலை செய்து பெறும் செயல்முறைப் பயிற்சியும் அதிகபட்சம் 6 மாதங்களே. எஃப்-1 விசாவில் தகுதியுள்ள படிப்புக்கு அது 12 மாதங்கள் வரை நீளும். எம்-1 விசாவில் வந்தவர் அமெரிக்காவில் இருந்தபடியே எஃப்-1 மாணவராக மாற விதி இடம் தருவதில்லை என்பதால், பள்ளி எந்த விசாவுக்கு ஆதரவளிக்கிறது என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விசா கிடைத்தாலும், கைரேகையுடன் கூடிய டிஎஸ்ஏ (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) பாதுகாப்புச் சரிபார்ப்பு முடியாமல் பயிற்சி தொடங்காது.

நான்காவது, உரிமத்தின் பயன். ஏற்கெனவே வேறு நாட்டு உரிமம் வைத்திருப்பவருக்கு, தேர்வு எழுதாமலே அதன் அடிப்படையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ தனியார் விமானி சான்றிதழ் வழங்கும். ஆனால் அதைக் கொண்டு ஊதியத்துக்குப் பறக்க முடியாது. வணிக விமானி உரிமத்துக்கு எஃப்ஏஏவின் பொது விதிப்படி 250 மணி நேரப் பறத்தல் அனுபவமும், எஃப்ஏஏ ஒப்புதல் பெற்ற பாடத்திட்டத்தில் நடக்கும் ‘பகுதி 141’ பள்ளிகளில் 190 மணி நேரமும் வேண்டும். பின்னர் ஐரோப்பாவுக்குச் செல்வதானால் ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசாவின் 13 எழுத்துத் தேர்வுகளும், அதன் மருத்துவச் சான்றும், திறன் தேர்வும் காத்திருக்கின்றன. அப்போது லாக்புக்கின் (பறந்த நேரங்களைப் பதியும் ஏட்டின்) ஒவ்வொரு வரியும் சோதிக்கப்படலாம் என்பதால், பறந்த அன்றே எழுதிப் பயிற்றுநரின் கையொப்பத்தையும் வாங்கிவிடுவது நல்லது.

கடைசியாக வேலை. உரிமம் இருப்பதாலேயே ஒரு நாட்டில் வேலை செய்யும் உரிமை வந்துவிடாது. ஐரோப்பாவில் சுமார் 200 மணி நேர அனுபவத்துடன் துணை விமானியாகச் சேரும் வாய்ப்பு உண்டு என்றாலும், அங்கு வசித்து வேலை செய்யும் உரிமை உள்ளவர்களையே பல நிறுவனங்கள் கேட்கின்றன. அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனங்களுக்கோ பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். வேலை உறுதியாகும் முன் சொந்தச் செலவில் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி) எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இயாசா முறையில் அது ஓராண்டுக்கே செல்லுபடியாகும், அதற்குள் வேலை அமையாவிட்டால் புதுப்பிக்க மீண்டும் செலவழிக்க நேரும்.