கஞ்சா முந்தி மாதிரி ஏறவில்லையா? 28 நாள் இடைவெளி விடும் முறை

"முந்தி ஒண்டு காணும், இப்ப மூண்டு அடிச்சும் ஏறுதில்லை" என்பவர்கள் சரக்கைத்தான் குறை சொல்வார்கள். கடல்வழி வரும் கேரளா கஞ்சா பொதிக்குப் பொதி மாறும் என்பது உண்மைதான். ஆனால் நாளாந்தம் பாவிப்பவருக்கு முதலில் மாறுவது மூளை. கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. மூளையில் சிபி1 எனும் ஏற்பிகளில் ஒட்டித்தான் வேலை செய்கிறது. ஓயாமல் ஒட்டினால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். அளவைக் கூட்டக் கூட்ட அவை இன்னும் குறையும். நிறுத்தினால் இரண்டு நாளிலேயே மீளத் தொடங்கி, ஏறத்தாழ 4 வாரத்தில் பழைய நிலையை அண்மிப்பது மூளைப் படங்களில் தெரிந்திருக்கிறது. 28 நாள் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. நல்லூரில் கொடியேறினால் 25 நாள் மச்சம் விடுகிற வீடுகளுக்கு இது பெரிய கணக்கல்ல.

படி 1: ஒரு கொப்பி, ஏழு நாள்

எதையும் குறைக்காமல் ஒரு கிழமை எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை, எதற்காக. நித்திரைக்கா, சாப்பாடு இறங்கவா, கூட்டாளி வந்ததாலா? எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள் முதலாவது என்றால் நிறுத்துவது கடினமாக இருக்கும். அப்படியானவர்கள் படி 2-ஐச் செய்யாமல் நேரே நிறுத்தக் கூடாது.

படி 2: இறக்குதல்

நாளுக்கு நான்கு என்றால் முதல் மூன்று நாளும் நாளுக்கு மூன்று, அடுத்த மூன்று நாளும் நாளுக்கு இரண்டு, பிறகு மூன்று நாள் இரவில் மட்டும் ஒன்று, அதோடு நிறுத்தம். முதலில் வெட்ட வேண்டியது காலையில் அடிப்பதை. எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு ஒவ்வொன்றையும் தடிப்பாகச் சுற்றினால் குறைத்ததாகாது; பலர் பிழைவிடுவது இங்கேதான்.

கஞ்சாவை ஒரேயடியாக விட்டாலும் பொதுவாக உயிராபத்தில்லை. ஆனால் நாளாந்தம் சாராயம் குடிப்பவர்களும் நித்திரைக் குளிசை போடுபவர்களும் அவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். முதலில் வைத்தியரிடம் கதையுங்கள்.

படி 3: முதல் இரண்டு கிழமை

முதல் ஓரிரு நாளில் எரிச்சல் தொடங்கும். இரண்டாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில்தான் உச்சம்: கோபம், பதற்றம், இரவில் வியர்வை, பசியின்மை. பெரும்பாலும் இரண்டு கிழமையில் அடங்கும். நித்திரைக் குழப்பமும் பளிச்சென்ற கனவுகளும் ஒரு மாதம் வரைக்கும் இழுக்கும். அடக்கி வைத்திருந்த கனவு திரும்பி வருவதுதான் அது, பயப்பட ஒன்றுமில்லை.

பசி இல்லாவிட்டால் மூன்று வேளைச் சோற்றோடு மல்லுக்கட்டாமல், இரண்டு மூன்று மணிக்கொரு தடவை கஞ்சி, வாழைப்பழம், சொதியோடு இரண்டு இடியப்பம் எனக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். வெயில் இறங்கியதும் அரை மணித்தியாலம் சைக்கிள் ஓடுங்கள். நித்திரை வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழும்பியிருந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். நித்திரைக்கென்று கூட்டாளி தரும் குளிசையைத் தொடவே வேண்டாம்.

புகையிலை கலந்து சுற்றுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பீடியையும் மாவாவையும் கூட்டிச் சமாளித்தால், 28 நாள் முடிவில் கஞ்சா குறைந்திருக்கும், நிகோட்டின் ஏறியிருக்கும். அந்த எரிச்சலில் பாதி நிகோட்டின் கேட்பதாகவும் இருக்கலாம்.

இலங்கையில் கஞ்சா வைத்திருப்பது குற்றம். டி.எச்.சி. கொழுப்பில் தங்குவதால், நிறுத்திய பின்னும் சிறுநீர்ப் பரிசோதனையில் வாரக்கணக்கில் காட்டக்கூடும்.

படி 4: 29-ம் நாள்

திரும்பத் தொடாமல் விடுவதுதான் நல்லது. இவ்வளவு தூரம் வந்தவர் முதல் இரண்டு கிழமையை இன்னொருமுறை பட வேண்டியதில்லை. தொடுபவர்கள் பழைய அளவை மறக்க வேண்டும்: நெஞ்சுப் படபடப்பும் மரண பயமும் வருவது பழைய அளவை ஒரேயடியாக அடிப்பதால்தான். ஓரிரு இழுவையோடு நிறுத்தி, குறைந்தது கால் மணித்தியாலம் பாருங்கள். கஞ்சாவைச் சாப்பிட்டால் ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலம் வரை செல்லும். "ஏறேல்லை" என்று இரண்டாவதை விழுங்குபவர்தான் மாட்டுவார். அன்று மோட்டார் சைக்கிளின் திறப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். கிழமைக்கு ஓரிரு நாளைத் தாண்டினால் ஏற்பிகள் மீண்டும் குறையத் தொடங்கும்.

சந்தேகமும் காதில் குரலும் வந்தவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இளவயதினர் 29-ம் நாளும் தொடக் கூடாது. இடைவெளியை மூன்றுமுறை தொடங்கி மூன்றுமுறையும் முதல் கிழமையில் உடைந்தால் 1927-க்கு எடுங்கள், அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். மனம் குழம்பினால் 1926.

கஞ்சாவை நெடுநாள் பாவிப்பவருக்கு வரக்கூடிய இன்னொரு கோளாறின் அறிகுறி: விடாத சத்தி, வயிற்று நோ, சுடுதண்ணியில் குளித்தால் மட்டும் சுகம். கிணற்றடியில் பச்சைத்தண்ணி அள்ளி வார்க்கும் ஊரில் ஒருவர் நாளுக்கு நான்குமுறை தண்ணி சுடவைத்தால் வீட்டார் கவனிக்க வேண்டும். கஸ்ரைற்றிஸ் குளிசைக்கு அது அடங்காது. கஞ்சா பாவிப்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொன்னால்தான் காரணம் பிடிபடும்.