மழைக்காலத்தில் வெண்பன்றிக் கொட்டகையை ஈரமின்றிக் கதகதப்பாக வைத்திருத்தல்

தமிழ்நாட்டில் வெண்பன்றிக் கொட்டகைகளைப் பெரும்பாலும் கோடையை மனத்தில் வைத்தே கட்டுகிறோம். வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ள இயலாத விலங்குக்கு அது தேவையே. ஆனால் ஐப்பசியில் அடைமழை தொடங்கியதும், காற்றுக்காகத் திறந்துவிட்ட அதே பக்கங்களின் வழியே சாரலும் வாடையும் உள்ளே புகுந்துவிடுகின்றன. வளர்ந்த பன்றி உலர்ந்த படுக்கையில் நம் ஊர்க் குளிரை எளிதாகத் தாங்கிவிடும். ஈரமான சிமெண்டுத் தரையோ, தன்னோடு ஒட்டிக்கிடக்கும் வயிற்றுப் பகுதியிலிருந்து இரவு முழுவதும் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் ஈரத்தைப் போக்கிவிட்டுப் பிறகே வெப்பத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கூரையின் இறவாணம் சுவருக்கு வெளியே மூன்றடியாவது நீண்டிருக்க வேண்டும். தரை, ஒரு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் கழிவு வாய்க்காலை நோக்கிச் சரிந்திருந்தால் சிறுநீர் தேங்காது. பன்றிகள் வாய்வைத்துத் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய் சொட்டினால், அதைச் சிறிய குறையென்று விட்டுவிடக் கூடாது; ஒரே இரவில் அது படுக்கையின் பாதியை நனைத்துவிடும். மழைநாட்களில் முற்பகலில் கழுவி, தேங்கிய நீரைத் துடைப்பானால் தள்ளிவிட்டால் இருட்டுவதற்குள் தரை காய்ந்துவிடும். மாலையில் கழுவவே வேண்டாம்.

பன்றி இயல்பிலேயே சுத்தத்தை விரும்பும் விலங்கு. இடம் போதுமானதாக இருந்தால், படுக்கும் இடத்தை விட்டு விலகி, ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மூலையில்தான் சாணமிடும். இந்தப் பழக்கத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம்: நிப்பிளைச் சரிவின் தாழ்ந்த முனையில் வைத்து, மேட்டுப்பகுதியில் மட்டும் வைக்கோலோ மரத்தூளோ கனமாகப் பரப்ப வேண்டும். புதிதாக அடைக்கும் பன்றிகளின் சாணத்தில் சிறிதளவை முதல் நாளே தாழ்ந்த மூலையில் போட்டுவைத்தால் அவை விரைவில் பழகிவிடும். நெரிசலான அறையில் இந்த ஒழுங்கு குலைந்து, எல்லா இடமும் ஈரமாகிவிடும். பூசணம் பிடித்த வைக்கோலை, எவ்வளவு தட்டுப்பாடு இருந்தாலும், பயன்படுத்தக் கூடாது; பன்றிகள் அதை மென்று தின்னும், சில பூசண நஞ்சுகள் சினைப்பன்றிகளின் கருவையே பாதிக்கும்.

வடக்கு, கிழக்குப் பக்கங்களில் கோணிச்சாக்கையோ தார்ப்பாயையோ கட்டும்போது கூரையை ஒட்டி ஓர் அடி இடைவெளி விட வேண்டும். முழுவதும் மூடினால் நீராவி கூரையில் படிந்து சொட்டும், சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாயுவும் தேங்கும். பன்றியின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள்; கண் எரிந்தால் மேல் திறப்பு போதவில்லை என்று பொருள்.

குட்டிகளின் நிலையோ முற்றிலும் வேறு. தாய்ப்பன்றிக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் இதமானது; அன்று பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி தேவை. அது நனைந்த உடலோடு, அடர்ந்த முடியும் போதிய கொழுப்பும் இல்லாமல் பிறக்கிறது. குளிர்ந்தால் சூட்டுக்காகத் தாயை ஒட்டிப் படுத்து நசுங்கிச் சாகிறது. சோர்ந்துபோனால் சீம்பால் குடிக்காமல் நோய்க்கு இரையாகிறது. அறை முழுவதையும் சூடாக்கினால் தாய் தீனி எடுக்காது. எனவே ஈனும் அறையின் ஒரு மூலையைக் கம்பியால் தடுத்து, தாய் நுழைய முடியாத ஒரு பெட்டியை அமைத்து, உலர்ந்த படுக்கைக்கு மேலே 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்தில் அகச்சிவப்பு விளக்கைத் தொங்கவிட வேண்டும். விளக்கைச் சங்கிலியில் கட்டி, கம்பிக்கூண்டு போட்டு, மின்கம்பி தாயின் வாய்க்கு எட்டாதபடி வைக்க வேண்டும். வைக்கோலில் விளக்கு விழுந்தால் கொட்டகையே எரிந்துவிடும். வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு டிகிரி வீதம் வெப்பத்தைக் குறைத்துவரலாம்.

வெப்பமானியை விடக் குட்டிகள் படுத்திருக்கும் விதத்தையே நான் நம்புகிறேன். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, கால்களை வயிற்றுக்கடியில் மடக்கிக் கிடந்தால் குளிர்கிறது. விளக்கை விட்டு விலகிச் சுவரோரம் கிடந்தால் சூடு அதிகம். பக்கவாட்டில் கால்நீட்டி, ஒன்றையொன்று தொட்டபடி பரவிக் கிடந்தால் சரியாக இருக்கிறது. இதை இரவு பத்து மணிக்கு மேல், அவை உறங்கும்போது பார்க்க வேண்டும். விறைத்துச் சோர்ந்த குட்டி தென்பட்டால், தலை மூழ்காதபடி வெதுவெதுப்பான நீரில் பிடித்து, உடல் சூடேறியதும் நன்றாகத் துவட்டி, அதன் பிறகே தாயின் மடியில் சேர்க்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் குட்டியின் வாயில் பாலை ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடக்கூடும்.