எபிரேய வேர்ச்சொல்லும் பாண்டு மொழிகளும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எபிரேயத்தில் ‘ஆகல்’ என்றால் சாப்பிட்டான். ஆப்பிரிக்காவின் நடு, கிழக்கு, தெற்குப் பகுதிகளில் பேசப்படும் பாண்டு மொழிகளில் ஒன்றான சுவாஹிலியில் ‘குலா’ என்றால் சாப்பிடுதல். இரண்டிலும் க, ல இருக்கின்றன, பொருளும் ஒன்று என்பதால் ஒரே மூலம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சொல்லைப் பிரிக்காமல் ஒப்பிடுவதுதான் இங்கே பெரிய தவறு.

‘குலா’வில் ‘கு’ வேர் அல்ல, தொழிற்பெயர் முன்னொட்டு. வினை வெறும் ‘லா’. ‘அனாகுலா’ (சாப்பிடுகிறான்) என்பதிலும் ‘கு’ வருகிறதே என்று கேட்கலாம். ஓரசை வினைகளோடு சில காலங்களில் அது ஒட்டிக்கொண்டே வரும். ஆனால் ‘நான் சாப்பிடுவதில்லை’ என்பது ‘ஸிலி’, ‘அவன் சாப்பிடட்டும்’ என்பது ‘அலே’. ‘கு’ போய்விட்டது. எபிரேயத்திலோ ‘ஆகல்’ என்பதன் அலெஃப், காஃப், லாமெத் என்ற மூன்று எழுத்துகளுமே வேர் மெய்கள். அலெஃபை உயிரெழுத்தென்று தள்ளிவிட முடியாது. கடைசியில் ஒத்துப்போவது ஒரே ஒரு ‘ல’.

இன்னொரு பாண்டு மொழியான லிங்காலாவின் ‘பானா’வை (பிள்ளைகள்) எபிரேய ‘பானிம்’ (மகன்கள்) என்பதோடு சேர்ப்பதும் இப்படித்தான். அதன் ஒருமை ‘ம்வானா’. ‘ப’ பன்மை முன்னொட்டு.

அடுத்தது, கடன் சொல்லை உறவுக்குச் சான்றாகக் காட்டுவது. சுவாஹிலியில் புத்தகம் ‘கிதாபு’. எபிரேயத்தில் ‘காதவ்’ என்றால் எழுதினான். ஒற்றுமை உண்மைதான், ஆனால் சுவாஹிலிக்கு அது அரபியிலிருந்து, இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வழியாக வந்தது. ‘கி’யை முன்னொட்டாக எண்ணி, பன்மையை ‘விதாபு’ என்று ஆக்கிக்கொண்டார்கள். ‘எழுது’ என்பதற்கான சுவாஹிலியின் சொந்த வினை ‘அண்டிகா’.

பாண்டு மொழிகள் சுமார் 500. ஒரு சொல்லுக்கு லிங்காலா, இன்னொன்றுக்கு ஜுலு என்று பொறுக்கினால் எந்த மொழியோடும் ஒற்றுமை காட்டிவிடலாம். ஒலி மாற்றம் சொல்லுக்குச் சொல் ஒழுங்காகத் திரும்ப வருகிறதா என்பதே கேள்வி. இறத்தல் சுவாஹிலியில் ‘ஃபா’, மற்றொரு பாண்டு மொழியான கிகூயூவில் ‘குவா’. குட்டை என்பது அங்கே ‘ஃபூபி’, இங்கே ‘குஹி’. காதுக்கு ஒட்டவில்லை, ஆனால் ஃப-க இணை மறுபடியும் வருகிறது. இவைதான் உண்மையான உறவினர்.

தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே பகுதிகளில் வாழும் லெம்பா மக்களிடம் மத்திய கிழக்குத் தொடர்புள்ள ஆண்வழி மரபணுவை ஆய்வாளர்கள் கண்டதையும் சிலர் மொழிச் சான்றாக்குகிறார்கள். அவர்கள் பேசுவது வெண்டா, ஷோனா போன்ற பாண்டு மொழிகள். அந்த மொழிகளின் சொற்களை முதலில் அண்டைப் பாண்டு மொழிகளோடுதான் ஒப்பிட வேண்டும்.