திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆட்களைத் தக்கவைப்பது எப்படி: நிமிடக் கூலியிலிருந்து தொடங்கும் வழிமுறை

ஆர்டருக்கு விலை சொல்ல உட்காரும்போது நூல் விலையும் சாயக் கூலியும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் அவை இரண்டும் ஊர் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஐரோப்பாவில் வங்கதேசத்துக்குக் கிடைக்கும் சுங்கவரிச் சலுகையும் நம் கையில் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி விலை பிரிவது தையல் லைனில். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை மாதமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்தே பீஸ் விலை ஏறும், இறங்கும். 50 முதல் 300 பேர் வேலை செய்யும் கம்பெனிகளின் முதலாளிகளுக்கும் பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்த வழிமுறை.

முதலில் ஒரு கணக்கு

தினக்கூலியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு நிமிட வேலைக்கு உங்களுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். இதற்கு ஸ்டைலின் நிர்ணய நிமிடம் தேவை, அதாவது அந்த மாடலில் ஒரு பீஸ் தைக்க ஆக வேண்டிய நேரம். லைனில் இதை எஸ்.ஏ.எம். என்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் நல்ல டெய்லர் ஒருவரை ஸ்டாப்வாட்ச்சோடு 10 பீஸ் பாருங்கள். நூல் அறுந்த பீஸ், பண்டல் அவிழ்த்த பீஸ் இவற்றைத் தள்ளிவிட்டு சராசரி எடுத்து, ஓய்வுக்கும் தடங்கலுக்கும் 15 சதவீதம் கூட்டுங்கள். சாதாரண கழுத்து ரிப் வைத்த அரைக்கை டி-ஷர்ட்டுக்கு எல்லா வேலையும் சேர்ந்து 6 முதல் 8 நிமிடம் வரும்.

30 டெய்லர்கள் 480 நிமிடம் வேலை செய்து, 7 நிமிட டி-ஷர்ட்டில் 1,000 பீஸ் எடுத்தால் கிடைத்தது 7,000 நிமிடம். கொடுத்ததோ 14,400 நிமிடம். திறன் 48.6 சதவீதம்.

இப்போது கூலியைச் சேருங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எல்லாம் சேர்த்து ஒரு டெய்லருக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். 45 சதவீதத் திறனில் 216 நிமிட வேலை கிடைக்கிறது, நிமிடத்துக்கு 3.24 ரூபாய். அந்த டி-ஷர்ட்டின் தையல் கூலி 22.69 ரூபாய். அதே ஆளுக்கு 50 ரூபாய் கூட்டி 750 கொடுத்து, திறன் 60 சதவீதத்துக்கு வந்தால் பீஸுக்கு 18.23 ரூபாய்தான். கூலியைக் கூட்டிய பிறகும் பீஸுக்கு ஏறக்குறைய நாலரை ரூபாய் மிச்சம். பேரம் பேசும் மேஜையில் பத்துக் காசுக்கு மல்லுக்கட்டும் ஊரில் இது பெரிய தொகை. கூலியைக் குறைத்துப் போட்டியில் நிற்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் சொந்த எண்களை வைத்து ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

யார் போகிறார்கள் என்று எழுதுங்கள்

திறனை 45-லிருந்து 60-க்குப் போக விடாமல் தடுப்பது பெரும்பாலும் மெஷின் அல்ல. ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான். மாதம் விலகியவர்கள் எண்ணிக்கையைச் சராசரி ஆள் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 200 பேரில் 16 பேர் போனால் மாதம் 8 சதவீதம். அப்படியே தொடர்ந்தால் ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு முழுக் கம்பெனி அளவுக்கு ஆள் மாறிவிடுகிறது.

இந்த ஒரு எண் போதாது. போனவர்களை மூன்றாகப் பிரியுங்கள்: சேர்ந்து 45 நாளுக்குள் போனவர்கள், ஒரு வருடத்துக்குள் போனவர்கள், அதற்கும் மேல் இருந்து போனவர்கள். 16 பேரில் 11 பேர் முதல் வகை என்றால், கூலியைக் கூட்டுவதால் பயன் குறைவு. ஆள் சேர்க்கும்போது சொன்னதும் வந்து பார்த்ததும் வேறாக இருக்கிறது, அல்லது பழக்கும் விதம் சரியில்லை. மூன்றாம் வகை அதிகம் என்றால் கூலியும் மேற்பார்வையும் காரணமாக இருக்கும். எந்த லைனிலிருந்து போனார்கள் என்ற பத்தியையும் சேருங்கள். ஒரே சூப்பர்வைசரின் லைனிலிருந்து மூன்று மாதம் தொடர்ந்து ஆள் போனால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை. சூப்பர்வைசரின் ஊக்கத்தொகையை உற்பத்தியை மட்டும் வைத்துக் கொடுத்தால் அவர் திட்டித்தான் வேலை வாங்குவார். லைனின் வருகையையும் விலகலையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

முதல் 45 நாள்

புதிதாக வந்தவரை நேராக லைனில் ஹெல்பராக நிறுத்தி, ‘பார்த்துக் கற்றுக்கொள்’ என்பதுதான் வழக்கம். நூல் வெட்டியே மூன்று மாதம் போய்விடும். நன்றாகக் கற்கக்கூடியவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். ஒரு மூலையில் நாலு மெஷின் போதும்: ஓரம் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் இரண்டு, மடிப்பு தைக்கும் பேட்லாக் ஒன்று, நேர்த்தையல் போடும் சிங்கர் ஒன்று.

முதல் மூன்று நாள் நூல் கோப்பது, ஊசி மாற்றுவது, பெடலை அடக்குவது. நூல் இல்லாமல், கோடு போட்ட காகிதத்தில் நேர்கோடு, சதுரம், வளைவு என்று தைக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஊசி நிற்கும் அளவுக்குக் கால் பழகும்வரை துணியைக் கொடுக்காதீர்கள். பிறகு வெட்டுத் துணி. பின்னல் துணி இழுத்தால் நீளும், சிங்கிள் ஜெர்சியின் ஓரம் சுருளும். இழுக்காமல் தள்ளிக் கொடுக்கக் கைக்குப் பழக்கம் வர ஒரு வாரம் ஆகும். அது வராமல் லைனுக்கு அனுப்பினால் பாட்டம் (கீழ் மடிப்பு) அலை அலையாக வரும், அளவு செக்கிங்கில் தவறும். ஊசி முனை மழுங்கினாலோ, உருண்டை முனை ஊசிக்குப் பதில் கூர்முனை ஊசி போட்டாலோ துணியில் பொத்தல் விழும் என்பதையும் இந்த வாரமே காட்டிவிடுங்கள். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் நோட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி என்ற விதியும் முதல் நாளிலிருந்தே பழக வேண்டும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். சைடு அடிப்பது என்றால் சைடு மட்டும். நிர்ணய வேகத்தில் மூன்றாம் வாரம் 30 சதவீதம், ஆறாம் வாரம் 60 சதவீதம் என்று இலக்கு வைத்து, அவர் கண்முன்னே தினமும் எழுதிக் காட்டுங்கள்.

பெயர்ப் பட்டியல் ஒன்று, சுவரில்

ஒரு அட்டையில் இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள்: ஷோல்டர், ரிப் ஏற்றுவது, கழுத்து டேப், கை மடிப்பு, கை ஏற்றுவது, சைடு, பாட்டம், லேபிள். ஒவ்வொருவரும் எந்த வேலையை எத்தனை சதவீத வேகத்தில் செய்வார் என்று கட்டத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு வேலை. முதலில் ரிப் ஏற்றுவதையும் பேட்லாக்கையும் பாருங்கள். அங்கே ஒருவர் வராவிட்டால் நின்றுபோவது ஒரு மெஷின் அல்ல, பின்னால் இருக்கும் அத்தனை பேரும்தான். கூடுதல் வேலை கற்றவருக்கு நாள் கூலியில் தனியாக ஒரு தொகை சேர்த்துக் கொடுங்கள். ‘உனக்குத்தான் தெரியுமே, போய் உட்கார்’ என்று சும்மா மாற்றி உட்கார வைத்தால் அடுத்த முறை தெரியாது என்றுதான் சொல்வார்கள்.

பீஸ் ரேட்டும் ஒன்றரை ஷிப்டும்

சிறு ஆர்டர்கள் பெருகிவிட்ட நிலையில் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில், ஆள் போகும் நாள் எது என்று கவனித்திருப்பீர்கள்: புது ஸ்டைல் ஏறும் நாள். முதல் இரண்டு நாள் வேகம் வராது, வருமானம் விழும். பக்கத்துத் தெருவில் பழைய ஸ்டைல் ஓடிக்கொண்டிருக்கும். எனவே புது ஸ்டைலின் முதல் இரண்டு நாளுக்கு, அவரவர் கடந்த மாதச் சராசரி வருமானத்தை உறுதியாகக் கொடுங்கள். பண்டலை 20 பீஸிலிருந்து 10 ஆகக் குறைத்தால் தவறும் சீக்கிரம் வெளியே தெரியும்.

ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேர வேலை இந்த ஊரின் பழக்கம். காலை 10 முதல் 1 வரை எடுத்த பீஸையும் டேமேஜையும், மாலை 5 முதல் 8 வரை எடுத்தவற்றோடு ஒரு வாரம் ஒப்பிடுங்கள். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. இரட்டிப்புக் கூலி கொடுத்துப் பிரித்துத் தைக்க வேண்டிய பீஸை உருவாக்கிக்கொண்டிருக்கிறீர்களா என்று அப்போது தெரியும். இரட்டிப்புக் கொடுக்காமல் ஓட்டுவது தொழிலாளிக்குச் செய்யும் அநியாயம். தணிக்கைக்கு வரும் பையரும் (ஆர்டர் கொடுப்பவரும்) முதலில் கேட்பது வருகைப் பதிவேட்டைத்தான்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வருபவர்கள் இல்லாமல் இன்று திருப்பூர் ஓடாது. இருந்தும் பெரும்பாலான கம்பெனிகளில் அவர்களோடு பேசுவது ஏஜென்ட் மட்டுமே.

ரயில் ஏறும் முன்பே கூலி, வேலை நேரம், அறை வாடகை, சாப்பாடு, பிடித்தம் ஆகிய ஐந்தையும் அவர்கள் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஏஜென்ட் கமிஷனைக் கம்பெனி கொடுக்க வேண்டும். தொழிலாளியிடம் பிடித்தால் அவர் கடனோடு வந்து இறங்குகிறார், அதிகக் கூலி சொல்லும் முதல் இடத்துக்குப் போய்விடுகிறார். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நகல் போதும்.

பி.எஃப். கணக்கில் பெயர், பிறந்த தேதி இரண்டும் ஆதாரில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று சேரும் அன்றே பாருங்கள். பழைய யு.ஏ.என். எண் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். விலகினால் விலகிய தேதியைப் பதிவு செய்யுங்கள். இதைச் செய்யாததால் பணம் எடுக்க முடியாமல் திண்டாடும் தொழிலாளி ஊரில் போய் நம் ஊரைப் பற்றி என்ன சொல்வார்? இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். 0.75 சதவீதம் பிடிப்பது தெரியும், அதனால் என்ன கிடைக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோய்வாய்ப்படும்போது கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். சொல்லிக் கொடுங்கள்.

விடுமுறையைத் தீபாவளி, பொங்கலை வைத்து மட்டும் போடாதீர்கள். ஒடியாக்காரர்களுக்கு ஜூன் மாதத்து ரஜோ, அசாமியர்களுக்கு ஏப்ரலில் பிஹு, வங்காளிகளுக்குத் துர்கா பூஜை, பீகாரிகளுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சத். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. 70 நாளுக்கு முன்பே யார் எப்போது போகிறார்கள் என்று முறை போட்டு, போக வர இரண்டு டிக்கெட்டையும் கம்பெனியே பதிவு செய்து கொடுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருப்பவர் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

2023 மார்ச்சில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது திருப்பூரில் எழுந்த பதற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அரசு இந்தியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 40 பேருக்கு ஒருவர் என்று, அவர்கள் மொழி பேசும், அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு ஆள் கம்பெனியில் இருந்தால் வதந்தி வந்த அன்று இரவே அறைக்குப் போய்ப் பேச முடியும். அந்த ஆள் ஏஜென்ட்டாக இருக்கக் கூடாது.

பெண்கள்

செக்கிங், கைமடி, பேக்கிங் என்று பெண்களை ஒதுக்கி வைத்திருக்கும் கம்பெனியில் டெய்லர் பஞ்சம் தீராது. நடுவயதுப் பெண்களில் பலர் திருமணத்துக்கு முன்பே தையல் கற்றவர்களாக இருப்பார்கள். அவர்களைத் தடுப்பது நேரமும் குழந்தையும். காலை 9.30 முதல் மாலை 5.30 வரை ஒரு லைனை அவர்களுக்கென்று ஓட்டிப் பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். குழு உறுப்பினர்களின் பெயரும் போன் எண்ணும் பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கட்டும்.

நாலு கம்பெனி சேர்ந்தால்

பின்னல், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் தனித்தனி ஜாப் ஒர்க்காக நடப்பதுதான் இந்த ஊரின் பலம். ஆட்கள் விஷயத்தில் மட்டும் ஒவ்வொருவரும் தனியாக நிற்கிறோம். ‘உன் ஆளை நான் எடுக்க மாட்டேன்’ என்று முதலாளிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போடுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அது தொழிலாளியின் கூலியை அமுக்கும், பலனும் தராது. ஒரே தெருவில் உள்ள நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து ஒரு குழந்தைகள் காப்பகம், ஒரு பேருந்து, ஒரு பழகுமிடம் வைக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்பது எப்படியும் சட்டம். அவர்களைச் சேர்ந்து பழக்கினால் ஒரு நல்ல பயிற்சியாளரின் சம்பளம் யாருக்கும் பாரமாகாது. பொறுப்பை ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று சுற்றில் விடுங்கள். செலவைச் சமமாகப் பங்கிடாமல், அவரவர் அனுப்பும் ஆட்களின் எண்ணிக்கைப்படி பிரியுங்கள். இதில்தான் முதல் சண்டை வரும் என்பதால் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.