காசுக்கேற்ற கேமிங் மொனிட்டர் வாங்குவது எப்படி? (165 ஹெர்ட்ஸ் வாங்கி 60இல் ஓட்டியவன் எழுதுவது)

ஒரு சனிக்கிழமை முழுக்க பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கி, 24 அங்குல 165 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 165 தடவை படத்தைப் புதுப்பிக்கும்) மொனிட்டர் ஒன்றை வாங்கி, வெள்ளவத்தைக்கு ஓட்டோவில் பெட்டியை மடியில் வைத்தபடி வந்தேன். அந்த 60,000 ரூபாவைச் சேர்க்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அடுத்த மூன்று வாரமும் அது 60 ஹெர்ட்ஸில்தான் ஓடியது. எனக்கு அது தெரியவே இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்த மச்சான் மவுஸைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது அறுபதிலதான் ஓடுது, செட்டிங் பார்த்தியா?" என்று கேட்டபோதுதான் விளங்கியது.

உங்களுக்கு அப்படி நடக்கக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருக்கிறது, மொனிட்டர் மட்டும் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: கடைக்குப் போகுமுன் உங்கள் கிராபிக்ஸ் கார்டின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். பெர்ஃபோமன்ஸ் பகுதியில் ஜி.பி.யு என்ற இடத்தில் பெயர் இருக்கும். என்னுடையது ஜி.டி.எக்ஸ் 1660 சூப்பர்.

மொனிட்டர் எவ்வளவு வேகமாகக் காட்டினாலும், படத்தை வரைந்து கொடுப்பது கார்ட்தான். வெலரண்ட் போன்ற இலேசான கேம்களில் என் கார்ட் 165ஐத் தாராளமாகத் தாண்டும். பாரமான கதை கேம்களில் 60ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆகவே நீங்கள் உண்மையில் அதிகம் விளையாடும் கேம் எது, அதில் இப்போது செக்கனுக்கு எத்தனை ஃபிரேம் (கார்ட் வரையும் படம்) வருகிறது என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு கையில் இருந்தால் கடைக்காரர் எதைக் காட்டினாலும் தடுமாற மாட்டீர்கள்.

படி 2: அளவும் ரெசொலூஷனும்

24 அங்குலம் என்றால் 1080பி, அதாவது மேலிருந்து கீழாக 1080 வரிசை பிக்சல் (திரையின் மிகச் சிறிய ஒளிப்புள்ளி). 27 அங்குலம் என்றால் 1440பி. இந்தச் சோடியைப் பிரிக்காதீர்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று 27 அங்குலத்தில் 1080பி நிறைய விற்கிறார்கள். நானும் அதில் ஒன்றை, வளைந்த திரை உள்ளதை, கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். பெரிதாக, அழகாக இருந்தது. என்னைக் காப்பாற்றியது ஒரு தமிழ்ச் செய்திப் பக்கம். கடையில் அதைத் திறந்து, வீட்டில் உட்காரும் தூரத்தில் கதிரையைப் போட்டுப் பார்த்தேன். ‘க்’கின் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக் கிடந்தது. ‘ணி’யின் சுழிகள் படிக்கட்டுப் போலத் தெரிந்தன. பக்கத்தில் இருந்த 24 அங்குலத்தில் அதே பக்கத்தைத் திறந்தால் புள்ளி புள்ளியாகவே நின்றது.

காரணம் எளிது. 1080பி என்றால் திரை எவ்வளவு பெரிதானாலும் சுமார் 20.7 இலட்சம் பிக்சல்தான். 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு 92 அளவில் வரும் பிக்சல், 27 அங்குலத்தில் 82 அளவுக்கு இறங்கிவிடும். 1440பி ஆக இருந்தால் அதே 27 அங்குலத்தில் 109 வரும். ஆனால் 1440பிக்கு உங்கள் கார்ட் சுமார் 37 இலட்சம் பிக்சலை வரைய வேண்டும், அதாவது ஒன்றே முக்கால் மடங்கு வேலை. ஜி.டி.எக்ஸ் 1650, ஆர்.டி.எக்ஸ் 3050, ஆர்.எக்ஸ் 6600 அளவிலான கார்ட் வைத்திருப்பவர்கள் 1080பியிலேயே நில்லுங்கள் என்பது என் கருத்து. 4கே பற்றி இந்த விலையில் யோசிக்கவே வேண்டாம். அது 83 இலட்சம் பிக்சல்.

நீங்கள் கேமுக்கு மட்டும் மொனிட்டர் வாங்கினாலும், அதிலேதான் வாசிக்கவும் எழுதவும் போகிறீர்கள். கடையில் தமிழ் எழுத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்தில் மறைந்துவிடும் குறை நம் புள்ளியிலும் சுழியிலும் உடனே தெரிந்துவிடும்.

படி 3: எத்தனை ஹெர்ட்ஸ்?

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லிசெக்கன் நிற்கும். 144இல் 6.9. 165இல் 6.1. 240இல் 4.2. இந்த நான்கு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60இலிருந்து 144க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிசெக்கன் மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சம் 3கூட இல்லை. முதல் தாவலுக்குக் கொடுக்கும் காசு உங்கள் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதற்குக் கொடுப்பது, போட்டிகளில் இறங்குபவர்களுக்குத்தான் பயன்படும். 144, 165, 180 மூன்றில் எது மலிவோ அதை எடுங்கள்.

இன்னொன்று. கொழும்பிலிருந்து வெலரண்ட் விளையாடும் நம்மில் பலர் மும்பை சேர்வருக்குத்தான் போகிறோம். மாலை நேரத்தில் பிங் (சேர்வருக்குப் போய் வர எடுக்கும் நேரம்) ஏறி இறங்குவதை எந்த மொனிட்டராலும் திருத்த முடியாது. வைஃபையில் விளையாடுபவராக இருந்தால், மொனிட்டருக்கு முன் ஒரு நெட்வேர்க் வயர் வாங்கி ரவுட்டரில் நேரடியாகக் குத்துங்கள்.

படி 4: பேனல்

பேனல் என்பது படம் தெரியும் திரைத் தகடு. அதன் வகைகளில் நான் ஐ.பி.எஸ் பக்கம். நிறம் நன்றாக இருக்கும், பக்கவாட்டில் பார்த்தாலும் மாறாது, வேகமும் போதும். வி.ஏ பேனலில் கறுப்பு உண்மையான கறுப்பாகத் தெரியும். ஐ.பி.எஸ்ஸின் கொன்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) பொதுவாக 1000க்கு 1 என்றால் வி.ஏயில் 3000க்கு 1 வரும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் மலிவான வி.ஏ பேனலில் இருட்டான இடத்தில் ஓர் உருவம் அசைந்தால் பின்னால் கறுப்பு நிழல் இழுபடும். சுடும் கேம்களில் அது பெரிய தொல்லை.

பெட்டியில் "1 எம்.எஸ்" (1 மில்லிசெக்கன்) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதன் கீழே சின்ன எழுத்தில் எம்.பி.ஆர்.டி என்று இருக்கிறதா, ஜி.டி.ஜி என்று இருக்கிறதா பாருங்கள். ஜி.டி.ஜி என்பது பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம். எம்.பி.ஆர்.டி என்பது அசையும் உருவம் கண்ணுக்கு எவ்வளவு கலங்கித் தெரிகிறது என்பதன் அளவு. மலிவான மொனிட்டர்களில் பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் அந்த 1ஐ எட்டுகிறார்கள், அதைப் போட்டால் திரை மங்கிவிடும். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடாதீர்கள். வெளிச்சமும் இருளும் கூடுதலாகத் தெரியும் என்று போடும் எச்.டி.ஆர் 400 என்ற முத்திரைக்காகவும் ஒரு ரூபா கூடுதலாகக் கொடுக்காதீர்கள். திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கவைக்கும் வசதி அந்தத் தரத்துக்குக் கட்டாயம் இல்லை.

வெளிச்சம் முக்கியம். எங்கள் ஃபிளட்டின் ஜன்னல் கடல் பக்கம். பின்னேரம் நாலரைக்குப் பிறகு வெயில் நேராக மேசையில் விழும். 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) மொனிட்டர் அந்த நேரத்தில் கண்ணாடி மாதிரி முகத்தைக் காட்டும். 300க்குக் குறையாமல், பளபளக்காத மெட் பூச்சு உள்ளதாகப் பாருங்கள்.

படி 5: கடையில்

விலையைக் கேட்கும்போதே காசு விலையா கிரெடிட் கார்ட் விலையா, வற் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். பிறகு பில் போடும்போது அது மேலே ஏறினால் கணக்கு உடைந்துவிடும்.

கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெறும் நிறப் படங்களை ஒரு யு.எஸ்.பி பென்னில் கொண்டுபோங்கள். "தம்பி, எல்லாம் புதுசு, செக் பண்ணத் தேவையில்ல" என்பார்கள். மரியாதையாக, "பரவாயில்ல அண்ணா, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி, நீங்கள் வாங்கப்போகும் அதே பெட்டியைத் திறந்து போடச் சொல்லுங்கள். அந்த நிறங்களில் மாறாமல் நிற்கும் புள்ளி, அதாவது செத்த பிக்சல், ஒன்றிரண்டு இருந்தால் வரண்டியில் மாற்றமாட்டோம் என்று சொல்பவர்கள் உண்டு. எத்தனை இருந்தால் மாற்றுவார்கள் என்று காசு கொடுக்கு முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும், வரண்டியோ மூன்று வருடம்.

படி 6: வயர். நான் மூன்று வாரத்தை இழந்த இடம்

பெட்டிக்குள் எச்.டி.எம்.ஐ வயர் ஒன்று இருந்தது. அதைக் குத்தினேன், படம் வந்தது, விளையாடத் தொடங்கினேன். என் தவறு அங்கேதான். புது மொனிட்டரைக் குத்தியதும் விண்டோஸ் பெரும்பாலும் 60இல்தான் தொடங்கும். நாம்தான் மாற்ற வேண்டும்.

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அதற்குள் அட்வான்ஸ்ட் டிஸ்பிளே. அங்கே ரிஃப்ரெஷ் ரேட் பட்டியல் இருக்கும். மச்சான் காட்டித் தந்தபோது என் பட்டியலில் 120க்கு மேல் எதுவுமே இல்லை. 165 எங்கே என்று இரண்டு மணித்தியாலம் டிரைவரை அழித்துப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் கையேட்டின் பின்பக்கத்தில் இருந்தது விடை: அந்த மொனிட்டரின் எச்.டி.எம்.ஐ போர்ட் 1.4 வகை, அதில் 120 வரைதான். 165 வேண்டுமென்றால் டிஸ்பிளே போர்ட் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வயர் பெட்டியில் இல்லை. தனியாக வாங்கினேன்.

டிஸ்பிளே போர்ட் வயரின் தலையைப் பார்த்தால் எச்.டி.எம்.ஐ மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு மூலை மட்டும் சரிவாக வெட்டியிருக்கும். மேலே இரண்டு சின்னப் பற்கள், அவற்றை இறக்க ஒரு பொத்தான். குத்தும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கழற்றும்போது அந்தப் பொத்தானை அழுத்தாமல் இழுத்தால் போர்ட்டே உடையும்.

வயர் மாற்றியதும் பட்டியலில் 144 வந்தது, 165 வரவில்லை. மொனிட்டரின் பின்னால் இருந்த குமிழை அழுத்தி அதன் சொந்த மெனுவுக்குள் போய் ஓவர்குளொக் (வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) என்பதை ஒன் செய்த பிறகுதான் 165 தெரிந்தது. அங்கேயே ஃப்ரீசிங்கையும் ஒன் செய்துவிடுங்கள், கார்ட் வரையும் வேகத்துக்கேற்ப மொனிட்டரின் ஹெர்ட்ஸை அது மாற்றும். அது ஏ.எம்.டி நிறுவனத்தின் வசதி என்று என்விடியா கார்ட் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். 2019 ஜனவரியில் வந்த டிரைவரிலிருந்து ஜி.டி.எக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் இத்தகைய மொனிட்டர்களோடு வேலை செய்கின்றன, டிஸ்பிளே போர்ட் வழியாக. என்விடியாவின் ஜி-சிங்க் என்று பெயர் போட்டதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாகக் கேமுக்குள் போய் ஃபிரேம் எல்லை 60இல் கட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். என்னுடையதில் கட்டியிருந்தது. அப்புறம் பிரவுசரில் டெஸ்ட் யு.எஃப்.ஓ பக்கத்தைத் திறந்தால் பறக்கும் தட்டுகள் வரிசையாக ஓடும், உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று அதுவே காட்டும். அதில் 165 என்று பார்த்த அன்றிரவு நான் இரண்டு மணி வரை தூங்கவில்லை.

பின்சேர்க்கை

இதை எழுதிய பிறகு பலர் கேட்டவை:

பிளேஸ்டேஷன் 5க்கு வாங்குபவர்கள்: அது 120 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்பாது. 165க்காகக் காசைக் கொட்டாதீர்கள். 1440பி 2022 செப்டெம்பரிலிருந்து வேலை செய்கிறது. அதன் வி.ஆர்.ஆர் (ஃப்ரீசிங்க் போலவே ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) வேண்டுமென்றால் மொனிட்டரில் எச்.டி.எம்.ஐ 2.1 இருக்க வேண்டும், ஃப்ரீசிங்க் மட்டும் போதாது.

லாப்டொப்பில் எச்.டி.எம்.ஐ மட்டுமே இருக்கிறது என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். கடையில் கொடுத்த மாற்று வயரைப் போட்டும் படமே வரவில்லையாம். மலிவான மாற்று வயர்கள் டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐக்குத்தான் போகும், திருப்பிப் போகாது. முதலில் உங்கள் லாப்டொப்பின் யு.எஸ்.பி-சி துளைக்குப் பக்கத்தில் டி எழுத்துக்குள் பி எழுத்து உள்ள சின்னம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சி-யிலிருந்து டிஸ்பிளே போர்ட்டுக்குப் போகும் வயர் ஒன்று வாங்கினால் போதும். அவருக்கு அப்படித்தான் சரிவந்தது.

வத்தளையிலிருந்து ஒரு தம்பி, எல்லாம் செய்தும் கேம் முன்பைவிட மெதுவாகிவிட்டது என்றார். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வயர் மேலே, யு.எஸ்.பி துளைகளுக்குப் பக்கத்தில், மதர்போர்டில் குத்தியிருந்தது. கீழே கிராபிக்ஸ் கார்டில் மூன்று போர்ட்டும் கறுப்பு மூடியோடு அப்படியே இருந்தன. மூடியைக் கழற்றி அங்கே குத்தினார். பத்து நிமிடத்தில் பறக்கும் தட்டின் படம் ஒன்றை அனுப்பினார், கீழே 165 என்று இருந்தது.