பழைய செங்கல் சுவரில் ஊர்வுச் சேதம்: கிடைமூட்டில் கம்பி பதித்து வலுவூட்டும் முறை

1989 மார்ச் 17 அன்று, இத்தாலியின் பாவியா நகரில் பல நூற்றாண்டுகளாக நின்ற நகரக் கோபுரம், நிலநடுக்கம் எதுவும் இல்லாமலே இடிந்து விழுந்து நால்வரின் உயிரைப் பறித்தது. தன் எடையையே இடைவிடாமல் தாங்கும் சுவர், உடையும் அளவுக்குச் சுமை ஏறாதபோதும், ஆண்டுக்கணக்கில் மெல்ல நசுங்கிப் பக்கவாட்டில் விரிவதைத்தான் ஊர்வு என்கிறோம். அந்தக் கோபுரம் விழுந்ததற்கும் இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. சுமை, சுவரின் வலிமையில் ஏறக்குறைய பாதியை எட்டினாலே இதைக் கவனிக்கத் தொடங்க வேண்டும்.

முதல் படி, விரிசலைப் பார்ப்பது. அடித்தளம் இறங்கினால் விரிசல் பெரும்பாலும் படிக்கட்டுபோல மூட்டுகள் வழியே சாய்வாக ஓடும். ஊர்வில், மயிரிழை அளவு மெல்லிய விரிசல்கள் பல, செங்கல்லையே பிளந்துகொண்டு செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். வெள்ளையடித்த சுவரில் இவை எளிதில் தப்பிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

அடுத்து, விரிசலின் இருபுறமும் அளவுக்குறிகள் பொருத்தி, குறைந்தது ஓராண்டாவது அளக்க வேண்டும். பருவத்துக்கேற்ப விரிசல் திறந்து மூடுவது இயல்பு. ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பாமல் அகன்றிருந்தால்தான் கவலை. சுவரில் ஏறியுள்ள அழுத்தத்தைத் தட்டை ஜாக் சோதனையால், அதாவது மூட்டில் ஒரு பிளவு வெட்டி அதில் தட்டையான அழுத்தப் பையைச் செருகி, அறியலாம். இதையும் கம்பியின் கணக்கையும் கட்டமைப்புப் பொறியாளரிடமே விட்டுவிடுங்கள். அகலும் வேகம் கூடிக்கொண்டே போனால், வேலையைத் தொடங்காமல் முட்டுக்கொடுத்து ஆட்களை வெளியேற்றுவதே சரி.

இனி கம்பி பதிப்பு. சில செங்கல் வரிகளுக்கு ஒரு முறை, கிடைமூட்டின் (இரு வரிகளுக்கு இடையே கிடையாக ஓடும் சாந்து மூட்டின்) பழைய சாந்தை 5 முதல் 7 செ.மீ. ஆழம் வரை எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் அடுத்தடுத்த மூட்டுகளைத் திறந்துவிடாதீர்கள். ஏற்கெனவே களைத்த சுவரிலிருந்து தாங்கும் பரப்பைப் பறிப்பதாகிவிடும். செங்கல்லின் விளிம்பு உடையாதபடி மெல்லிய உளியால் சுரண்டி, தூசியை ஊதியெடுத்து, தண்ணீர் தெளித்து ஈரப்படுத்துங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. முதலில் ஒரு படலம் சாந்து, அதன்மேல் 5 அல்லது 6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பிறகு இடைவெளி விடாமல் அழுத்திய சாந்து. கம்பியைச் சுற்றிலும் சாந்து சூழ்ந்திருக்க வேண்டும். ஈரச் சாக்கால் மூடிச் சில நாட்கள் உலரவிடாமல் காக்க வேண்டும்.

சாந்து நீரில் இறுகும் சுண்ணாம்புச் சாந்தாகவே இருக்கட்டும். இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: சிமென்ட் பழைய செங்கல்லைவிட விறைப்பானது, ஈரத்தையும் உள்ளே அடைத்துவிடும், பிறகு செங்கல்தான் பொரியும்.

சுவரின் உள்ளே கல்லும் சாந்தும் நிரப்பிய கருவும், வெளியே மெல்லிய செங்கல் தோலும் இருந்தால், மேற்பரப்புக் கம்பி மட்டும் போதாது. இருபுறத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பிகளும் தேவைப்படும். உள்ளே வெற்றிடம் இருந்தால் முதலில் சுண்ணாம்புக் குழம்பு செலுத்த வேண்டும்.

இம்முறை சுவரின் தாங்குதிறனைப் பெரிதாக உயர்த்துவதில்லை. பக்கவாட்டு விரிவைப் பிடித்துவைத்து, சேதம் பெருகும் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே வேலை முடிந்த பிறகும் அளவுக்குறிகளைக் கழற்றாமல் அளந்துகொண்டே இருங்கள்.